ஆச்சு, சாப்பிட்டேன்

பாகூர் விருத்தாம்பாளுக்கு நாற்பத்தொரு வயது. கரும்புக் கொல்லையில் பாம்பைப் பார்த்தே பயப்படாதவள், ஒரு மாதமாக போனைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அதில்தான் போர்த்துகீசியப் பாடம் வந்தது.

பாடம் அனுப்பியவள் லிஸ்பனில் வேலை செய்யும் வில்லியனூர் ரோஸ்லின். அங்கே பக்கத்து வீட்டுக் கிழவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். கிழவியின் மகள் சனிக்கிழமை வீடியோவில் பேசிப் பார்த்துத்தான் எடுப்பாளாம். வேலை கிடைக்காவிட்டால் தன் மகள் அபிதாவின் நர்சிங் படிப்பு நிற்கும். கிடைத்தால், அப்பன் இல்லாத அந்தப் பெண்ணைத் தனியே விட்டுப் போக வேண்டும்.

சோறு, மீன், உப்புக்கான சொற்கள் எல்லாம் ஒரே நாளில் வாயில் நின்றன. "டெஞ்ஞு ஃபோமே", பசிக்கிறது. "டெஞ்ஞு மேது", பயமாக இருக்கிறது. இவை இரண்டும் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. எப்படித் தாண்டும்? வாக்கப்பட்ட நாள் முதல் யார் வீட்டிலும் அவள் பசிக்குது என்று சொன்னதில்லை. கேட்டால் "ஆச்சு, சாப்பிட்டேன்" என்பதுதான் மரியாதை. அதைக் காதில் வாங்காமல் சோற்றைப் போடுவது வீட்டுக்காரர்களின் மரியாதை.

சனிக்கிழமை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. திரையில் கிழவியின் மகள் சிரித்தாள். பக்கத்தில் ரோஸ்லின். முதல் கேள்வியே, பசிக்கிறதா?

"ஜா கொமி, ஒப்ரிகாதா." சாப்பிட்டாச்சு, நன்றி.

கேட்டவளின் முகம் சுண்டிவிட்டது. ரோஸ்லினிடம் ஏதோ சொன்னாள்.

"அக்கா, முன்னாடி வேலைக்கு இருந்த நம்ம ஊர்ப் பக்கத்துப் பொண்ணும் தெனம் இதையேதான் சொல்லிச்சாம். இவங்களும் நம்பி தட்ட எடுத்துட்டாங்க. பத்தாம் நாளு மயங்கி வுழுந்துச்சாம். வாயத் தொறந்து சொல்ற ஆளுதான் வேணுமாம். நெசத்தச் சொல்லுக்கா."

விருத்தாம்பாள் போனை இன்னும் கிட்டே பிடித்தாள்.

"டெஞ்ஞு ஃபோமே," என்றாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை. "டெஞ்ஞு மேது. மேது, மேது." அழுதேவிட்டாள்.

வேலை கிடைத்துவிட்டது. விசா வந்ததும் கிளம்பி வரச் சொன்னார்கள்.

சாயங்காலம் காலேஜிலிருந்து வந்த அபிதா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, கண்ணு செவந்துகீது? போறதுக்கு பயமா கீதா?"

"எனக்கு இன்னாடி பயம்?"

"சாப்ட்டியா?"

"ஆச்சுடி, சாப்ட்டேன்."

அபிதா நம்பிவிட்டாள். மீதிச் சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தாள்.