சீர்த்தட்டில் வந்த நூல் சேலை

புது நூல் சேலையின் கஞ்சி வாசனை இன்றும் எனக்கு ஆகாது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் தெருவில், என் அக்கா செல்விக்கு நடந்த சடங்குதான் காரணம். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு முடியும் முன்பே ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களை இரவல் வாங்கி அட்டை போட்டு வைத்திருந்தாள்.

தாய்மாமன் மேளத்தோடு சீர் கொண்டுவந்தார். தட்டில் பழம், பூ, வளையல் எல்லாம் இருந்தன. பட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நூல் சேலை இருந்தது. நைலக்ஸ் சேலை உரசினால் தீப்பொறி பறக்கும் என்பதால் பட்டாசுக் கம்பெனிக்குள் நூல் சேலைதான் கட்ட வேண்டும். "பட்ட எடுத்துப் பொட்டியில பூட்டவா? இதுன்னா நாளைக்கே கம்பெனிக்கு ஆகும்ல" என்றார் மாமா. பந்தலே சிரித்தது, "வெவரமான மனுசன்" என்று மெச்சியது. அந்தத் தட்டை அவர் முகத்தில் விட்டெறிய ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாவாடை சட்டையில் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சேலையைச் சுற்றிவிட்டால் போர்மேன் வயதைக் கேட்கமாட்டார். "சமஞ்சிட்டா, இனிப் பெரிய மனுசி" என்று சொல்லிச் சொல்லியே மறுவாரம் அவளைக் கம்பெனி வேனில் ஏற்றினார்கள். அவள் கண் கலங்கியதும் "பெரிய மனுசி அழலாமா?" என்று அதற்கும் ஓர் ஏச்சு. சீசன் நாட்களில் கையெல்லாம் வெடிமருந்துக் கறையோடு வந்து, தட்டில் சோறு இருக்க அப்படியே தூங்கிவிடுவாள்.

அவள் சம்பளத்தில் படித்து நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அங்கே மனித வளர்ச்சிக் கோட்பாடுகள் என்று ஒரு பாடம். வாழ்க்கை படிப்படியாக வளருமாம். குமரப் பருவத்தில் பிள்ளைகள் எதிர்த்துப் பேசி, தனிமை தேடி, 'நான் யார்' என்று கேட்டுக் கேட்டுத் தங்களைக் கண்டுகொள்ளுமாம். வீடும் ஊரும் பொறுமையாக அதற்கு அவகாசம் தர வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து, "பதின்மூன்று வயதில் பட்டாசு வேலைக்குப் போனவள் எந்தப் படியில் இருப்பாள் சார்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் விதிவிலக்கு. உக்காரும்மா."

விதிவிலக்கா? எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு விதிவிலக்கு விடியலில் வேனுக்கு நின்றதே!

இப்போது அந்தத் தெருவில் அப்படி வேன் வருவதில்லை, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மாமாவுக்கும் ஊருக்கும் பழையது எதுவும் நினைவில் இல்லை. எனக்கு மட்டும் ஆத்திரம் ஆறவில்லை.

போன வாரம் அக்கா போன் செய்தாள். அவள் மகளுக்கு இந்த வருடம் பதின்மூன்று. "எதுக்கெடுத்தாலும் எதுத்துப் பேசுதா, கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடக்கா. காத்து கறுப்பு அண்டிருச்சோன்னு பயமா இருக்குடி. இருக்கன்குடிக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயித் துன்னூறு போட்டுட்டு வரவா?"

"ஒண்ணுமில்லக்கா. அந்த வயசுல எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.



"எல்லாப் பிள்ளைகளுமா?" என்று கேட்டாள்.