சொல்யூசன் டிரம்மின் மூன்றாவது படம்

திருமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். டப்பாவிலும் டிரம்மிலும் இருப்பது தீப்பிடிக்குமா, தோலை அரிக்குமா, நுரையீரலைக் கெடுக்குமா என்று வகை பிரித்து, சிவப்புக் கட்டம் போட்ட படங்களை ஒட்ட வேண்டும். நான் வருவது தெரிந்தாலே, "டப்பாக்காரம்மா வாராங்க, மாஸ்க்கை ஏத்துங்கடி" என்பார்கள். தலை மறைந்ததும் இறக்கிவிடுவார்கள். வில்லாபுரத்தில் தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்கிற எனக்கு மத்தியானமும் தனிச் சோறுதான். நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிவேன். குறை ஒருபக்கம் மட்டும் இல்லை.

ஒட்டு மேசையில் இருந்த ஒருத்தி மட்டும் என் எதிரே வந்து உட்காருவாள். கேட்காமலேயே என் டப்பாவில் துவையலை வைப்பாள். இரும்புத் துண்டில் சொல்யூசன் பூசி ரப்பரை ஒட்டுவது அவள் வேலை. சொல்யூசன் என்பது பசை. அதை இளக்குவது டொலுயீன் என்கிற ரசாயனம். விரலில் ஒட்டியதையும் அதைத் தொட்டுத்தான் துடைப்பார்கள்.

ஒருநாள் சோற்றைப் பாதியில் மூடிவிட்டுச் சொன்னாள். "நாள் தள்ளிப்போயிருக்குக்கா. மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக்கூடாதுன்னு மாமியா சொல்லிருக்காங்க. ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்." இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். இரண்டு முறையும் காய்ச்சல் என்று லீவு எழுதியிருக்கிறாள்.

என்னை நம்பி ஒருத்தி சொன்னாளே என்ற சந்தோஷம் சீட்டுக்குத் திரும்பும் வரைதான். டொலுயீனுக்கு நான் எழுதிவைத்த பாதுகாப்புத் தாளை எடுத்தேன். நெருப்புப் படம் இருந்தது, ஆச்சரியக்குறி இருந்தது. மூன்றாவது படம் இல்லை. மனித உருவத்தின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போல இருக்கும் அந்தப் படம். உள்ளுறுப்பைக் கெடுக்கலாம், வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கலாம் என்பதற்கு அதைத்தான் போட வேண்டும். சப்ளையர் கொடுத்த பழைய தாளில் அது விடுபட்டிருந்தது. நான் சரிபார்க்காமல் அப்படியே பார்த்து எழுதியிருந்தேன். கீழே என் கையெழுத்து, மூன்று வருஷத்துக்கு முந்தியது.

அன்றே புதுத்தாள் எழுதி மேனேஜரிடம் வைத்தேன். அவள் பேச்சை எடுக்கவில்லை. அவர் ஒட்டு மேசைப் பெண்கள் அத்தனை பேரையும் பேக்கிங்குக்கு மாற்றினார்.

"ஆம்பளைகளுக்கு ஒண்ணும் ஆகாதா சார்? புகையை உறிஞ்சுற ஃபேனைப் போடுங்க" என்றேன்.

"பார்ப்போம்" என்றார்.

மறுநாள் டிரம்மில் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். அர்த்தத்தைக் கேட்டாள், சொன்னேன்.

"இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களாக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"முன்னாடியே தெரிஞ்சதுதான். நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

அவள் சத்தம் போடவில்லை. "அப்ப அந்த ரெண்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

அதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்று சொல்ல எனக்கும் வழியில்லை. அப்படியே சொன்னேன். அன்று மத்தியானம் அவள் பேக்கிங் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு எப்போதும் அங்கேதான். நான் சோற்றுடப்பாவைச் சீட்டிலேயே திறக்கப் பழகிக்கொண்டேன்.

இந்த முறை தங்கியது. ஐந்தாம் மாசம் என்று யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தபோது பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வளைகாப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேக்கிங் மொத்தமும் வேன் பிடித்துப் போய்வந்தது. என்னை அழைக்கவில்லை, அழைக்க வேண்டும் என்று நான் எந்த வாயால் கேட்பது? திங்கட்கிழமை நான் ரவுண்டு போனபோது பேக்கிங்கில் எல்லார் கையிலும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். வேலை இடத்தில் கண்ணாடி வளையல் கூடாது, கழற்றச் சொல்ல வேண்டியவள் நான். ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே கடைசி மேசைவரை போனேன். யாரையும் கழற்றச் சொல்லவில்லை.