துடைத்த பக்கம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் கணவருக்கு அது எங்கே இருக்கிறது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. இப்படிப்பட்ட இருவர் சனிக்கிழமை தோறும் ஒரே காரில் ஏறி, இடிந்த கட்டடங்களைத் தேடிப் போகிறோம்.

பிள்ளைகள் வேலை கிடைத்து வேறு நகரங்களுக்குப் போன பிறகுதான் நான் கமரா வாங்கினேன். கொஞ்ச நாள் பூக்களையும் நயாகராவையும் எடுத்து அலுத்துப்போய், ஆளில்லாத கட்டடங்களின் பக்கம் திரும்பினேன். பலகை அடித்து மூடிய பள்ளிக்கூடம், கூரை விழுந்த தொழிற்சாலை, புல்லுக்குள் பாதி புதைந்த லொறி என்று எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கும். நகைக்கடைக்குள் போனால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வருவதில்லை. ஹைவேயில் ஓட்ட எனக்குப் பயம் என்பதால் சாரதி அவர். எங்கள் டோர்செட் பார்க் அப்பாட்மென்றில் இருந்து கார் வெளிக்கிடும்போதே தொடங்கிவிடுவார்.

"உடைஞ்ச வீடு பாக்கிறதுக்கே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? ஊரிலயே இருந்திருக்கலாம்."

"அதுகள் குண்டு போட்டு உடைச்சதுகள். இதுகள் தானாய் ஓய்ஞ்சதுகள். பேசாமல் ஓட்டுங்கோ" என்பேன் நான்.

படம் என்று பார்த்தால் எங்கள் கலியாணமே ஒரு கார்ப் படத்தில் தொடங்கியதுதான். அந்தக் காலத்தில் கனடா வந்து சேரும் பெடியன்கள் எல்லாரும் முதல் வேலையாக ஒரு காரில் சாய்ந்து நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். கார் யாருடையதாகவும் இருக்கலாம். இவர் அனுப்பிய படத்தில் நீளமான சிவப்புக் கார். பொனற்றில் ஒரு கை, காலுக்கு மேல் கால். அம்மா அதை ஒழுங்கை முழுவதும் காட்டி, "மாப்பிள்ளைக்குக் கார் இருக்கு" என்று சொல்லிவிட்டார். நானும் ஒரு வருடம் அந்தப் படத்தைக் கைப்பையில் வைத்து, நினைத்த போதெல்லாம் எடுத்துப் பார்த்தேன். இங்கே வந்து இறங்கிய மறுநாள் காலை அவர் எனக்குக் காட்டித் தந்தது பஸ் தரிப்பிடத்தை. கார் எங்கே என்று கேட்டேன். "அது இப்ப இல்லை" என்று சிரித்தார். சினேகிதன் ஒருவனின் காராக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்து நூலகத்தில் ஒரு புகைப்படக் குழு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை நூலக மண்டபத்தில் உறுப்பினர்களின் படங்களைத் தெரிந்தெடுத்துத் தொங்கவிடுவார்கள். இரண்டு முறை நான் கொடுத்தது திரும்பி வந்தது. அழகாக இருக்கிறது, ஆனால் எல்லாரும் எடுக்கிற படம்தான் என்றார்கள். இந்த முறை வேறு ஒருவரிடமும் இல்லாத ஒரு படத்தைக் கொண்டுபோய் வைக்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிய ஒருவரின் குடிபூரலுக்குப் போன இடத்தில் அது கிடைத்தது. புது வீடுகளின் வரிசை முடிகிற இடத்தில், ஒரு பக்கம் சாய்ந்த மரக் கொட்டகை. பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்லுக்குள்ளால் போய்க் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தேன். உள்ளே வால் பக்கம் மீன் செட்டை வைத்த பழைய அமெரிக்கக் கார் ஒன்று நின்றது. மேலே விரல் தடிப்பில் தூசி. பலகை இடுக்குகளால் வந்த வெயில் அந்தத் தூசியின் மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு குருவிக்கூடு. கையில் கமரா இல்லை, குடிபூரலுக்குக் கொண்டுவந்த பரிசுப் பெட்டிதான் இருந்தது.

பக்கத்துப் பண்ணை வீட்டில் இருந்த வெள்ளைக்கார அம்மாவிடம் போய்க் கேட்டேன். காணியை விற்றாயிற்று, திங்கட்கிழமை கொட்டகையை இடிக்க மெஷின் வருகிறது, காரும் அதோடு பழைய இரும்புக்குப் போகிறது என்றார். சனிக்கிழமை வந்து ஆசை தீர எடுத்துக்கொள் என்று அனுமதியும் தந்தார்.

சனிக்கிழமை நாங்கள் போனபோது வெயில் இன்னும் பலகை இடுக்குக்கு ஏறவில்லை. இவரைக் கொட்டகைக்குள் நிற்கச் சொல்லிவிட்டு, அதற்குள் வெளியே பழைய தானியக் கோபுரத்தை எடுக்கலாம் என்று நான் போனேன். வேலையில்லாமல் சும்மா நிற்கத் தெரியாத மனிதர் அவர். அதை யோசிக்காதது என் மடத்தனம்.

திரும்பி வந்தபோது அவர் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் எங்கள் காரின் கண்ணாடி கழுவும் தண்ணிப் போத்தல், மறு கையில் அவர் கட்டிக் கிழிந்த பழைய சாரத் துண்டு.

"இஞ்சாரும், இப்ப எடும். என்ன வடிவாய் இருக்கு பாரும்!"

பார்த்தேன். கடல் பச்சை நிறத்தில் கார் பளபளவென்று நின்றது. தூசி இல்லை, கோடு கோடான வெயில் இல்லை. எத்தனையோ வருடம் ஒருவரும் தொடாமல் சேர்ந்தது, நான் கோபுரத்தைச் சுற்றி வருவதற்குள் ஒரு சாரத் துண்டில் போயிருந்தது.

"என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்!" என்று நான் கத்தியது அந்தப் புது வீடுகள் வரை கேட்டிருக்கும்.

"படம் எடுக்கேக்க துடைக்காமல் எப்பிடி? பாக்கிற சனம் என்ன நினைக்கும்?" என்றார், உண்மையாகவே விளங்காமல்.

கவிழ்த்துக் கிடந்த வாளி ஒன்றில் உட்கார்ந்து அழுதேன். இந்த வருடமும் போயிற்று, திங்கட்கிழமை காரும் போய்விடும் என்று நினைக்க நினைக்க அழுகை கூடியது. அவருக்கு முகம் செத்துவிட்டது. துணியை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றவர், மெல்லச் சொன்னார்.

"நான் முழுக்கத் துடைக்கேல்லை. படத்தில தெரியிற பக்கம் மட்டும்தான்."

எழும்பி ஓடினேன். மற்றப் பக்கத்தில் ஒரு விரல்கூடப் படவில்லை. தூசி அப்படியே கிடந்தது, அந்த நேரம் பார்த்து வெயிலும் இடுக்குகளால் இறங்கத் தொடங்கியிருந்தது. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்துக்கொண்டே இருந்தேன். போதும் என்று கமராவை இறக்கிய பிறகுதான் கேட்டேன்.

"ஒரு பக்கம் மட்டும் துடைக்க உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"உமக்கு அனுப்பின படத்துக்கும் அப்பிடித்தானே செய்தனான்" என்றார்.

அப்போதுதான் கதை வெளியே வந்தது. அந்தச் சிவப்புக் கார் சினேகிதனுடையது இல்லை. அவர்கள் இருந்த கட்டடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், யாரோ விட்டுவிட்டுப் போன கார். அறை நண்பனும் இவரும் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஒரு பக்கத்தைக் கழுவியிருக்கிறார்கள்.

"மற்றப் பக்கத்தில சில்லே இல்லை. கல்லில நிண்டது. நான் சாய்ஞ்சு நிக்கேல்லையப்பா, அது விழாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

சிரிப்பு வந்து என்னால் நிற்க முடியவில்லை. திரும்பவும் வாளியிலேயே உட்கார்ந்தேன். கைவிடப்பட்ட காரைப் படமாகப் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எவ்வளவு பெருமை அடித்திருப்பேன்! நான் ஒரு வருடம் கைப்பையில் வைத்துப் பார்த்துப் பார்த்து மயங்கியதும் அப்படி ஒரு காரைத்தான்.

"போங்கோ, துடைச்ச பக்கத்தில போய் நில்லுங்கோ" என்றேன்.

இருக்கிற கொஞ்ச முடியையும் தண்ணி தொட்டு வாரிக்கொண்டார். வயிற்றை உள்ளே இழுத்தார். பொனற்றில் ஒரு கை, காலுக்கு மேல் கால். எதையும் அவர் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தூசிப் படம்தான் திறமானது. அதை எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் வெயிலுக்குக் காத்திருந்தால் அப்படி ஒன்றை யாராலும் எடுக்க முடியும். வேறு ஒருவரிடமும் இல்லாத படம் மற்றதுதான். அதைக் கொடுத்தேன். இந்த முறை திரும்பி வரவில்லை.

கண்காட்சி நாளன்று இவர் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு தன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். யூனியன்வில்லில் இருந்து வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணை, உது உங்கட காரோ?"

அந்தக் கார் இரும்பாகிக் கனநாள். இவர் ஒருக்கால் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

"அவர் ஒரு தூசி படவிடமாட்டார்" என்றேன் நான்.