சத்தியபாயின் முதல் துண்டு

ருசி விஷயத்தில் சத்தியபாயிடம் வாய் கொடுத்து மீண்டவர் புதுக்கடை வட்டாரத்தில் யாரும் இல்லை. கல்யாணப் பந்தியில் ஒரு வாய் வைத்தால் போதும், எரிசேரிக்குத் தேங்காய் கருகியதையும் பாயசத்துக்குச் சர்க்கரை மாற்றியதையும் சமையல்காரனின் முகத்துக்கு நேரே ஏசிவிட்டுத்தான் கை கழுவுவாள். முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்த வாய். டாக்டருக்கே பயப்படாதது, கரண்டி பிடிப்பவனுக்கா பயப்படும்?

அப்படிப்பட்டவளுக்கு அக்டோபரில் வந்த காய்ச்சலில் நாக்கும் மூக்கும் ஒருசேரப் போயின. காய்ச்சல் நாலு நாளில் விட்டது, ருசி திரும்பவில்லை. மீன் குழம்பும் வெந்நீரும் அவளுக்கு ஒன்றுதான். போட்டதைத் தின்றுவிட்டு ஒரு குறையும் சொல்லாமல் எழுந்து போனாள். மகள் ஜினிஷாவிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் மத்தியாஸுக்குத் தெரியும். அதற்குத்தான் பயந்தாள்.

மத்தியாஸ் சந்திப்புக்குப் பக்கத்தில் பன்றி இறைச்சிக்கடை வைத்திருக்கிறான். ஐம்பது தாண்டியவன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மட்டும் அவன் கடையில் சாசேஜ் உண்டு, குடலுக்குள் கொத்திறைச்சியும் மசாலாவும் அடைத்தது. வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே சொல்லி வைக்காதவனுக்கு அரை முழம்கூடக் கிடைக்காது. உள்ளே அடைக்கும் அந்த இறைச்சிக் கூட்டு சத்தியபாயின் வீட்டுக்காரர் தேவகுமாருடையது. கடையும் ஒரு காலத்தில் அவருடையதுதான். இளவட்டமாக இருந்தபோது அவர் நெய்யூரில் ஒரு வெளிநாட்டு டாக்டர் வீட்டில் சமையலுக்கு நின்றார். டாக்டரின் மனைவி செய்த சாசேஜ் சவசவவென்று இருக்கிறதே என்று நல்லமிளகும் இஞ்சியும் சின்ன உள்ளியும் சதைத்துப் போட்டு, மலையிலிருந்து வந்த ஜாதிக்காயையும் ஒரு சிட்டிகை துருவிச் சேர்த்தாராம். அதற்குப் பிறகு அந்த அம்மாள் சாசேஜ் செய்யச் சமையற்கட்டுக்குள் வரவே இல்லையாம். சொன்னது தேவகுமார், பாதியைத் தள்ளிவிட்டு நம்பலாம்.

பச்சை இறைச்சியை நாக்கில் வைத்துப் பார்க்க முடியாதல்லவா? அதனால் குடலில் அடைப்பதற்கு முன், கூட்டிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்துத் தட்டி, சட்டியில் பொரித்து ருசி பார்ப்பார்கள். கல்யாணமான முதல் டிசம்பரில் தேவகுமார் அந்தத் துண்டை வாழையிலைக் கீற்றில் வைத்து அவளிடம் நீட்டினார். வாயில் போட்டாள். மிளகு ஏறியது, கொழுப்பு உருகியது, ஜாதிக்காய் மணத்தது. உப்பு மட்டும் இல்லை. மனுஷன் வேண்டுமென்றே போடவில்லை.

"உப்பு எங்க?" என்றாள் புதுப்பெண், மாமியார் நிற்பதைக்கூடப் பார்க்காமல்.

"அதான் நீ இருக்கியே, போடு" என்று முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த உப்புச் சிரட்டையை எடுத்து நீட்டினார்.

பிறகு முப்பத்தெட்டு டிசம்பர் அதே விளையாட்டு. அவள் திட்டாத வருஷம் இல்லை, அவள் கையால் உப்பு விழாத வருஷமும் இல்லை. தேவகுமார் இறந்து எட்டு வருஷமாகிறது. கடையை ஏற்று நடத்தும் மத்தியாஸ் அவரை அண்ணன் என்று கூப்பிட்டவன், அதனால் இவள் அவனுக்கு மயினி. அந்த விளையாட்டு அண்ணனுக்கும் மயினிக்கும் உள்ளது என்று அவன் அதைத் தொடவில்லை. உப்புப் போட்டே பொரித்து, எவர்சில்வர் தட்டில் வைத்து, "பாத்துச் சொல்லுங்கோ மயினி" என்பான். அவள் சரி என்று சொல்லாமல் ஒரு முழம் அடைத்ததில்லை.

இந்தச் சனிக்கிழமை காலையிலும் கூப்பிட்டான். சத்தியபாய் போனாள். மற்றதெல்லாம் போகட்டும், இந்த ஒரு துண்டாவது நாக்கை எழுப்பிவிடாதா என்று ஒரு நப்பாசை அவளுக்கு. அந்த ருசி ஒன்றில்தான் அவர் இன்னும் மிச்சமிருந்தார்.

கடைக்குப் பின்புறம் பெரிய பாத்திரத்தில் கூட்டு தயாராக இருந்தது. மத்தியாஸ் சட்டியிலிருந்து துண்டை எடுத்தான். இந்தத் தடவை தட்டு இல்லை, வாழையிலைக் கீற்று. சத்தியபாய் இரண்டு கையாலும் வாங்கினாள். வாயில் போட்டு மென்றாள். சூடு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. மென்றுகொண்டே காத்திருந்தாள். தொண்டைக்குள் போகும்வரை காத்திருந்தாள்.

"நல்லாருக்கு மத்தியாசே" என்றாள். "அவிய போட்டது மாரியே இருக்கு. அடைச்சிரு."

மத்தியாஸ் அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருந்தான். இப்போது அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டுப் போனது. முதுகுக்குப் பின்னாலிருந்த கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தான். கையில் உப்புச் சிரட்டை.

"காய்ச்சலுக்குப் பெறவு அம்மை யாரையும் ஏசுகதே இல்லன்னு ஜினிஷா சொன்னா, மயினி. அண்ணன் மாரி செஞ்சா நீங்க ஏசுவியன்னு நெனச்சேன்."

சத்தியபாய் சிரட்டையைப் பார்த்தாள். இலைக் கீற்றைப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல்ல மக்கா. ரெண்டு மாசமாச்சு. அவிய கைருசி எப்பிடி இருந்துதுன்னு நெனச்சுப் பாத்தாகூட வாயில வரமாட்டேங்கு."

அழுதாள். அவரை அடக்கம் செய்த அன்று கல்லாக நின்றவள், ஒரு சிரட்டை உப்பைப் பார்த்து அழுதாள். மத்தியாஸ் அடுப்பைத் தணித்துவிட்டு ஸ்டூலருகே வந்து நின்றான்.

"இனி நீயே பாத்து அடைச்சிரு. என்ன விட்டுரு" என்று எழப் போனாள்.

அவன் பாத்திரத்தை இழுத்து அவள் காலடியில் வைத்தான். "ருசி நான் பாக்கேன். உப்பு நீங்க போடணும். அண்ணன் ஒருநாளும் போட்டதில்லியே. உங்க கைதான் போட்டுது."

உண்மைதான். சத்தியபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைக் கழுவினாள். சிரட்டையில் கை விட்டாள். ஒரு பிடி, இன்னொரு பிடி, மேலே கொஞ்சம். அங்கே கை தானாக நின்றது. அடி வரைக்கும் விட்டுப் பிசைந்தாள். மத்தியாஸ் இன்னொரு துண்டைப் பொரித்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். மூடியவன் உடனே திறக்கவில்லை.

"உப்பு இருக்கா?" என்றாள்.

அவன் மென்றுகொண்டே இருந்தான்.

"ஏலே, உப்பு இருக்கான்னு கேட்டேன்."

"அதான் நீங்க இருக்கியளே, மயினி." அவன் விரலை நக்கிக்கொண்டான்.

"கேட்டதுக்கு நேரா ஒரு பதில் சொல்லத் துப்பில்ல, அவிய மாரிப் பேச வந்துட்டான். குடல எடுலே, வெயில் ஏறுது" என்று ஏசினாள் சத்தியபாய். அக்டோபருக்குப் பிறகு அவள் ஒருவரை ஏசியது அதுதான் முதல் தடவை.