அத்தானுக்கு வாங்கிய ஹெட்போன்கள்

போன வாரம் சின்னவன் அந்தப் பெரிய ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். காதைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. காதில் படும் மெத்தையின் மேல்தோல் உரிந்துவிட்டதாம். "அது நிஜத் தோல் இல்ல" என்றேன். "உங்களுக்கு இதுல என்ன மாலும்ப்பா?" என்று எல்லோரும் சிரித்தீர்கள். தெரியும் பிள்ளைகளா, கொஞ்சம் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன். நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். நானும் எட்டாவது வரைதான் படித்தேன். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் சரியாக இருக்கும்.

அறுபதுகளில், உங்கள் அம்மா வருவதற்கு முன்னால், தாராவியில் ஒரு தோல்பட்டறையில் கைப்பைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். பதப்படுத்திய தோலின் வாசனை எந்தச் சோப்புக்கும் போகாது. பஸ்ஸில் நான் கம்பியைப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் மெல்ல நகர்ந்துகொள்வார். நெரிசலில் நிற்க இடம் கிடைக்கும், அது ஒரு வசதி. வெட்டி மிஞ்சிய ஆட்டுத்தோல் துண்டுகளை எடுத்துக்கொள்ள முதலாளி விடுவார். அதற்குள் பஞ்சு வைத்துத் தைத்து, பழைய ஹெட்போன்களுக்கு மெத்தை செய்வேன். அது உரியவே உரியாது.

ஹெட்போன் பைத்தியம் எனக்குச் செல்லத்துரை அத்தானால் வந்தது. என் அத்தை மகன், உங்களுக்கு மாமா முறை. ஊர்க்காரர்கள் ஐந்து பேர் ஒரே ரூமில் இருந்தோம். அத்தானுக்கு, பழைய எண்ணெய் டிரம்மை வெட்டிச் சம்மட்டியால் அடித்துத் தகடாக்குகிற பட்டறையில் வேலை. அந்தச் சந்துக்குள் நுழைந்தாலே எனக்குப் பல் கூசும். அவர் நாள் முழுக்க அதற்குள் நின்று, அடித்துக்கொண்டே பாடுவார். சாயங்காலம் இலங்கையிலிருந்து வரும் தமிழ்ப் பாட்டுக்காகச் சோற்றைத் தள்ளிப் போடுவார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அடுத்த ரூம்காரர் சுவரில் தட்டினார். "செவிட்டுப் பயலுவளா, கொறைங்கலே!"

அத்தான் திரும்பவில்லை. "பெட்டி சரியில்ல மாப்ள. சத்தம் மேல எழும்ப மாட்டேங்கு" என்றார். நானும் நம்பினேன். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை உண்டு. அதில் ஹெட்போனைச் செருகினால் சத்தம் வெளியே போகாமல் காதுக்கு மட்டும் வரும். அப்படித்தான், பழைய சாமான்கள் விற்கும் சோர் பஜாருக்குப் போக ஆரம்பித்தேன்.

அங்கே பழைய இரும்புக் குவியலில் என்னவெல்லாம் கிடக்கும்! பட்டாளத்தில் கழித்துக் கட்டியது, விமானக்காரர்கள் மாட்டியது, டெலிபோன் பெண்கள் போட்ட ஒற்றைக் காதுக்காரன். முதலில் அவருக்காகத்தான் வாங்கினேன். பிறகு எனக்கே பித்துப் பிடித்துவிட்டது. எங்களுக்குச் சமைத்துப் போட்ட முத்தையா அண்ணாச்சி, சுவரில் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்து, "ஏலே, ராவணனுக்குத்தான் இருவது காது. அவன் வாரானா இங்க?" என்பார்.

புதிதாக ஒன்றை மாட்டினால் அத்தான் முகம் விரியும். "இது நல்லாருக்கு மாப்ள. தபலா தனியா விழுது பாரு." கொஞ்ச நாளில், "இது போயிட்டுலே" என்று கழற்றிக் கொடுப்பார். நான் திருப்புளியால் பிரித்துப் பார்ப்பேன். உள்ளே எல்லாம் சரியாக இருக்கும். என் காதில் வைத்தால் கணீரென்று கேட்கும். அப்படியும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்! அடுத்த ஞாயிறு அதைவிடக் கனமான ஒன்றைத் தேடிப் போவேன்.

தலையில் மாட்டும் வளையைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு காதாக வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் தொடையில் தாளம் போடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் முழங்காலில் கொசு கடித்தது. பளாரென்று அடித்தேன். அத்தானும் தன் முழங்காலில் பளாரென்று அடித்தார்.

 பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தாளத்தைப் போட்டுப் பார்த்தேன். அவர் கடைக்கண்ணால் என் கையைப் பார்த்து அதையே போட்டார். காதில் பாட்டு ஒரு பக்கம் போனது, எங்கள் கைகள் இன்னொரு பக்கம் போயின. நிறுத்தத் தைரியம் வரவில்லை. மெதுவாகச் சரியான தாளத்துக்கு வந்தேன். அவரும் வந்தார். ரசித்துத் தலையை வேறு ஆட்டினார்.

சளி அடைப்பாக இருக்கும் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். போனது திரும்பாது, மிச்சமாவது இருக்க வேண்டுமென்றால் வேலையை விடச் சொல் என்றார், இந்தியில்.

"என்னலே சொல்லுதாரு?"

வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னேன். அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டார். "வேலைய விட்டுட்டு? ஊர்ல ரெண்டு தங்கச்சி நிக்காளுவ. நாளைக்கு லோடு வருது, வா."

காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளச் சொன்னேன். வைத்தார். பக்கத்து ஆள் "விடு" என்று கத்தியது கேட்காமல் விரலை நசுக்கிக்கொண்டார். அத்தோடு பஞ்சும் போயிற்று. வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தோலை ஒட்டத் தெரிந்த அளவுக்கு வேறெதுவும் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் அவரே சொன்னார். "ஒனக்குத் தெரிஞ்சிட்டுன்னு எனக்குத் தெரியும் மாப்ள. தாளத்த நிப்பாட்டிராத. பாட்டெல்லாம் உள்ள கெடக்கு. மொத அடி என்னன்னு மட்டும் சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அப்படியே செய்தோம். முதல் அடியை அவர் காதில் கத்துவேன், அவர் தொடையிலேயே தாளம் போடுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கேட்பார். அது கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ரேடியோக்காரர்களுக்கு எங்கள் கதை தெரியுமா? புதுப் பாட்டாக வந்துகொண்டே இருந்தது. வரிகளைக் கத்திச் சொல்லலாம், மெட்டை எப்படிச் சொல்வது? ஒரு தடவை பாடியே காட்டினேன். "எனக்குக் கேக்காதுன்னு துணிஞ்சி பாடுதியோ!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பிறகு, "புதுசு அத்தான்" என்று நான் சொன்னாலே, தன் பக்கத்துக் காதைக் கழற்றி என்னிடம் நீட்டிவிடுவார்.

"அப்ப நீ கேளு."

இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு கேட்பேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தங்கச்சிகளைக் கரையேற்றிவிட்டு அவர் ஊருக்குப் போனார், அங்கேயே காலமானார். டிரம் பட்டறைச் சந்தில் இப்போது மாடிக் கட்டடம் நிற்கிறது. மான்குர்துக்கு வீடு மாறியபோது ஹெட்போன்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அத்தான் தன் காதால் கேட்ட கடைசிப் பாட்டு எது? அதுதான் கடைசி என்று அவருக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்காது. நானும் பக்கத்தில்தான், அதே கம்பியின் இன்னொரு காதை வைத்துக்கொண்டு, அதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.