வெள்ளிக்கிழமைக்குள் வரச் சொன்னார்கள்

கொக்கோப் பழத்தை உடைத்து, கொட்டையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையை வாயில் போட்டால் முதலில் புளிக்கும்... அப்புறம் தேன் மாதிரி இறங்கும். அந்த ருசிக்கு ஒரு ராஜ்ஜியத்தையே விடலாம். நாங்கள் பள்ளிக்கூடத்தை விட்டோம்.

அறுபதுகள். இலங்கை மலையகத்தில் இரத்தோட்டைப் பக்கம், எட்டாம் வகுப்பு. நான், மணியம், செல்லையா, கடைக்கார வீட்டு ஃபாரூக். நாலு பேரும் ஒரு செட். ஒருத்தன் முடியை ஏற்றிச் சீவினால் நாலு தலையும் ஏறிவிடும். ஒருத்தன் மட்டம் போட்டால் வகுப்பில் நாலு இடம் காலி.

மரம் ஏறுவதில் மாத்தளை மாவட்டத்திலேயே எனக்கு நிகர் கிடையாது. குரங்குகளே என்னைப் பார்த்துத்தான் பழகின.

அப்படி ஒரு நாள் தோட்டத்துக் கொக்கோவைப் பறித்துச் சாக்கில் கட்டும்போது வாட்ச்சர் வந்துவிட்டார். ஓடிவிட்டோம். ஆனால் நாலு பேரையும் அவருக்குத் தெரியும். மறுநாள் பெரிய வாத்தியார் முன்னால் நின்றோம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அப்பனைக் கூட்டிட்டு வந்து மன்னிப்புக் கேக்குறவன் வகுப்புக்குப் போகலாம். வராதவன் பேரை வெட்டிருவேன்."

அவ்வளவுதான். எங்கப்பா உடனே வரத் தயார். நான்தான் "நாளைக்குப் போவோம்ப்பா" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். காரணம், மணியம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பாலத்துக் கட்டுமேல் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டான்.

"மொதல்ல போய் கால்ல விழுறவன் தொடைநடுங்கிடா!"

வெள்ளிக்கிழமை காலை பாலத்தில் மூன்று பேர்தான் இருந்தோம். ஃபாரூக் தலையைக் குனிந்தபடி அவன் வாப்பாவோடு எங்களைக் கடந்து போனான்.

"வாப்பா கையைப் புடிச்சிக்கிட்டு பாப்பா போகுது டோய்!" என்று செல்லையா கத்தினான். நான் ஒரு விசில் அடித்தேன் பாருங்கள்... அந்த விசிலுக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸே பிரேக் போட்டது.

ஃபாரூக்கின் வாப்பா திரும்பிப் பார்த்தார். "நீங்களும் வாங்க மகன். நானே பேசுறேன்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரும் எழும்பவில்லை. பள்ளிக்கூட மணி அடித்தது.

ஃபாரூக் படித்து, அரசாங்கக் கச்சேரி ஆபீஸில் கிளாக்கரானான். செல்லையா கள்ளக் கொக்கோ ஏற்றுகிறவர்களோடு சேர்ந்தான்... பொலிஸ், கோர்ட், சீர்திருத்தப் பள்ளி. மணியம் மலையில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டினான். நான் லொறி கிளீனராகி, டிரைவராகி, கலேவெலவிலிருந்து வில்கமுவ வரை என் ஹார்ன் சத்தம் தெரியாத ஆளில்லை என்று பேர் வாங்கினேன்.

போன மாதம் மாத்தளை டவுனில் நானும் மணியமும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூட நேரம். பக்கத்து மேசையில் நாலைந்து பையன்கள், ஆளுக்கொரு ஃபோன். எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? மணியம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்.

"மச்சான், அன்னைக்கு நீ எழும்பியிருந்தா நானும் வந்திருப்பேன்டா."

"நான் உன்னையத்தான்டா பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்... எழுபது தாண்டிய பிறகு வேறென்ன செய்வது?