மேல்வீட்டுக் கரி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. யாரையும் நம்பவைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. நான் ஏ.சி. மெக்கானிக். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "மெயின் ஸ்விட்சைப் பாத்தீங்களா?" என்று கேட்கிற ஆள். ஆனால் இது என் கூடப் பிறந்த அக்காவுக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் இருவரும் சேர்ந்து செய்த தப்புக்கெல்லாம் நான் உதை வாங்கியதே அதனால்தான்.

இன்னொன்று. பேய்க் கதை என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு.

அக்கா ஓவியர். கடையில் கலர் வாங்க மாட்டாள். எந்த இடத்தை வரைகிறாளோ அந்த இடத்து அழுக்கை எடுத்துத்தான் வரைவாள். அவள் குடியிருப்பது ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடி. பின்னால் அனல் மின் நிலையம். மொட்டை மாடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் சாயங்காலம் புள்ளி போட்ட சட்டையாகத்தான் திரும்பி வரும். அந்தக் கரியைத்தான் அவள் சேர்ப்பாள். வீடு வீடாகப் போய் ஃபேன் இறக்கைகளைச் சுரண்டுவாள். "உங்க அக்கா வந்துட்டுப் போனா வீடு துடைக்க ஆள் வேண்டாம்ப்பா" என்று அந்தக் கட்டடத்துப் பெண்கள் என்னைப் பார்த்தாலே கிண்டல் செய்வார்கள். நானும் ஏ.சி. ஃபில்டரில் தட்டிய தூசியைப் பை பையாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அக்கா அதை அரைத்து, பிசின் கலந்து, மை ஆக்குவாள். அந்த மையில், மின் நிலையத்துக்காக வெட்டிய மரங்களை வரைவாள்.

அத்தானுக்கு அதே மின் நிலையத்தில்தான் வேலை. எப்போதும் ராத்திரி ஷிஃப்ட். "சோறு போடுற இடத்தையே கரிச்சுக் கொட்டுறியே" என்பார். சொல்லிவிட்டு, அவள் ஏறி நிற்கும் ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொள்வார். ஒரே பெண். ஏழு வயது. வீட்டில் கூப்பிடுவது குட்டி என்று.

அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மெல்லிய கிளை வரையும்போது பிரஷை உதட்டில் வைத்து நுனியைக் கூர் பண்ணுவாள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தடவை. அத்தான் சத்தம் போடுவார். கேட்க மாட்டாள். குட்டியும் அம்மாவைப் பார்த்துப் பார்த்து, பென்சிலைக்கூட உதட்டில் வைத்துத்தான் எழுதுவாள்.

அந்த வருடம் அக்கா ரொம்பக் களைத்துப் போயிருந்தாள். கண்காட்சிக்கு வருகிறவர்கள் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். "மனசை என்னமோ பண்ணுதுங்க" என்பார்கள். அப்புறம் ஏ.சி. காரில் ஏறிப் போய்விடுவார்கள். புகைபோக்கி அதுபாட்டுக்குப் புகையும். "இது ஒண்ணு போதும்டா. முடிச்சிட்டு பிரஷைக் கழுவி வெச்சிடறேன்" என்றாள். அந்த ஒன்று, மின் நிலைய வாசலில் நின்றிருந்த பெரிய மரம். ஹாலில் ஒரு சுவர் முழுக்கத் தாளை ஒட்டி ஆரம்பித்தாள்.

கரி போதவில்லை. நான்காம் மாடிக்கு ஏறினாள். அங்கே மேல்வீட்டம்மா. அந்த அம்மாவின் மாமனார் மின் நிலையத்தில் நிலக்கரி இறக்குகிற இடத்தில் வேலை பார்த்தவர். இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் இருந்த பின் அறை பூட்டியே கிடந்தது.

"அங்கயும் ஒரு ஃபேன் இருக்கு, ஏதாவது தேறுமான்னு பாரு. சாவி ஆணியில தொங்குது, நீயே போய் எடுத்துக்கோ" என்றாள் மேல்வீட்டம்மா. அடுப்படியை விட்டு வரவில்லை.

அறைக்குள் ஒரு கட்டில். அதற்கு நேர் மேலே ஃபேன். அக்கா கட்டில் மேல் ஏறி நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். இறக்கைகளின் கீழ்ப்பக்கம் முழுக்க, விரல் கனத்துக்குக் கரி அப்பியிருந்தது. கத்தியை வைத்ததும் கம்பளித் துணி மாதிரி உரிந்து வந்தது.

லேசாக ஈரம்.

டப்பா நிறைந்துவிட்டது. அக்காவுக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். என்னிடம் திறந்து காட்டினாள். நான் தினமும் தூசியோடு குடித்தனம் நடத்துகிறவன். வீட்டுத் தூசி என்றால் நூல் இருக்கும், முடி இருக்கும், சாம்பல் நிறமாக இருக்கும். இதில் அது எதுவும் இல்லை. சுத்தக் கருப்பு. மை அரைக்கும்போது பிசின்கூடத் தேவைப்படவில்லையாம். தானாகவே தாளைப் பிடித்துக்கொண்டதாம்.

மூன்று வாரம் வரைந்தாள். மரம் எழுந்து நின்றது. எதிரில் போனால் இரண்டு அடி பின்னால் நகரத் தோன்றும். அப்படி ஒரு கருப்பு.

படம் முடிந்த மறுநாள். மத்தியானம் மூன்று மணி ஐந்து நிமிடம். குட்டி பள்ளிக்கூடத்தில். அத்தான் ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கையறையில் தூக்கம். அக்கா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஹாலில் யாரோ இருமினார்கள்.

லொக்... லொக்...

அப்புறம் ஒரு மூச்சு இழுப்பு. நாற்காலியைத் தரையில் இழுப்பதுபோல.

ஈர்ர்ர்ர்...

அத்தான் எழுந்துவிட்டார் என்று நினைத்து வந்து பார்த்தாள். ஹாலில் யாருமில்லை. படுக்கையறையில் அத்தானின் குறட்டை.

அடுத்த நாளும் அதே நேரம். அதற்கு அடுத்த நாளும். மேல்மாடிச் சத்தம் குழாய் வழியாக இறங்குகிறது என்று அக்கா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "உனக்குப் பயமா இல்லியா?" என்று பிற்பாடு கேட்டேன். "பயப்படவும் தெம்பு வேணும்டா" என்றாள்.

அந்த வாரம் குட்டிக்கு இருமல் வந்தது.

குட்டி படுப்பது ஹாலில். பாய் விரிப்பது அந்தப் படத்துக்கு அடியில். அக்கா டாக்டரிடம் கூட்டிப்போனாள். "இந்தப் பக்கம் யாருக்குத்தான் இருமல் இல்லை?" என்று இருமிக்கொண்டே மருந்து எழுதினார் டாக்டர். அந்த மருந்துக்கு இருமல் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். குழந்தை ஓடுவது நின்றது. பேசுவது குறைந்தது. துடைத்த கைக்குட்டையில் கருப்பாக வந்தது. அக்கா அதை ஒளித்து ஒளித்துத் துவைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குட்டியைப் பார்க்கப் போனேன். வாசலில் நுழைந்ததும் சுவரைப் பார்த்தேன்.

"என்னக்கா, மரத்தைக் கழுவிட்டியா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். தினமும் பார்ப்பதால் அவளுக்குத் தெரியவில்லை. மரம் வெளிறியிருந்தது. கிளை நுனிகள் கண்ணுக்கே தெரியவில்லை. அலமாரியிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து வந்தாள். அதே டப்பா மையை முதலில் தொட்டுச் சோதித்துப் பார்த்த தாள். அது அப்படியே கன்னங்கரேலென்று இருந்தது. அதை மரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மரம் அரிசி கழுவிய தண்ணீராகத் தெரிந்தது.

எல்லாக் கலரும் வெயிலில் மங்கும், கரி மட்டும் மங்கவே மங்காது என்று எனக்கு எத்தனையோ தடவை வகுப்பு எடுத்தவள் அவள்.

"அப்போ அது எங்கக்கா போச்சு?"

பாயில் குட்டி இருமினாள்.

லொக்... லொக்...

ஈர்ர்ர்ர்...

அக்காவின் கையிலிருந்து தாள் நழுவியது. குட்டிக்கு அந்த இழுப்பு சேர்ந்தது அன்றுதான். அத்தனை நாளும் மத்தியானத்தில் ஹாலில் கேட்ட அதே இருமல்.

மறுநாள் காலை குட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி டாக்டரிடம் கிளம்பினாள். மேல்வீட்டம்மா கீழேயிருந்து காய்கறிப் பையோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். குட்டி இருமியதும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"எங்க மாமனார் இப்படித்தான் இருமுவாரு."

"எப்படி?"

"ரெண்டு தடவை. அப்புறம் இந்த இழுப்பு. அஞ்சு வருஷம் ராத்திரி பகலா கேட்டிருக்கேன்மா. எனக்குத் தெரியாதா?"

அன்று மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஃபேன் சுற்றி நின்றது. கரி வரும் என்று ஜன்னல்களை எப்போதும் சாத்தியே வைப்பார்கள். ஓர் இலை அசையக்கூடக் காற்றில்லை. அக்கா குட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண் சொக்கியது.

லொக்... லொக்...

விழித்தாள். குட்டியைப் பார்த்தாள்.

குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

சத்தம் வந்தது சுவரிலிருந்து.

அக்கா மெதுவாகத் தலையைத் தூக்கினாள். நாலு பக்கமும் ஒட்டியிருந்த தாள்... நடுவில் உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.

மூச்சு.

அப்போது குட்டி வாயைத் திறந்தாள். தூக்கத்திலேயே மூச்சை இழுத்தாள். ஈர்ர்ர்ர்...

மரத்தில் ஒரு கிளை மறைந்தது.

அக்கா பார்த்துக்கொண்டே இருக்கும்போது.

இன்னொரு மூச்சு.

இன்னொரு கிளை.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினாள். அத்தான் அடித்துப் பிடித்து எழுந்தார்.

"என்ன?"

"படம்..."

அத்தான் ஹாலுக்கு வந்தார். பார்த்தார். தாள் உப்பி அடங்கியது.

"கிழிச்சிடுங்க" என்றாள் அக்கா.

"வேண்டாம். கிழிச்சா பறக்கும்."

கரியோடு வேலை செய்கிறவர். படுக்கை விரிப்பைக் குழாயில் நனைத்து எடுத்து வந்தார். தாளின் மேல் போர்த்தினார். ஓரங்களைப் பிரித்து, விரிப்போடு சேர்த்துச் சுருட்டினார். எங்கே கொண்டுபோவது என்று அவர் கேட்கவில்லை. அக்கா மேலே கை காட்டினாள்.

வெறும் தாள்தான். ஒரு நனைந்த துணிதான். இருவர் சேர்ந்து தூக்கியும் படிக்குப் படி நின்று நின்றுதான் ஏற முடிந்தது. ஓர் ஆளைத் தூக்குகிற கனம். படம் வெளிறிப் போச்சு என்று மட்டும் அக்கா சொன்னாள்; மேல்வீட்டம்மா சாவியை எடுத்துக் கொடுத்தாள். பின் அறைக் கட்டிலில் கிடத்தினார்கள். கதவைப் பூட்டினார்கள்.

பூட்டிவிட்டுத் திரும்பும்போது உள்ளே ஒரு தடவை கேட்டது.

லொக்... லொக்...

மூன்றாம் நாள் குட்டிக்கு இருமல் நின்றது. மறு வாரம் பள்ளிக்கூடம் போனாள். மாடிப்படியில் ஓடி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாள். அதைப் பார்த்து அக்கா சந்தோஷத்தில் அழுதாள். பிரஷ்களைக் கழுவி, துணியில் சுற்றி, பரண்மேல் போட்டாள். விட்டது தொல்லை என்று நானும் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், பகல் பதினொரு மணி இருக்கும், அக்கா போன் செய்தாள். அன்று காலை மேல்வீட்டம்மா அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். பின் அறைக்கு வாடகைக்கு ஆள் வருகிறார்களாம். படத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். "வெளிறிப் போச்சுன்னு சொன்னே? பிரிச்சுப் பாத்தேன், நல்லா கன்னங்கரேல்னுதானே இருக்கு" என்றாளாம். அக்கா வாசலிலேயே நின்றிருக்கிறாள். உள்ளே போகவில்லை. பேச்சை மாற்ற, "இந்த ஃபேன்லதான் எனக்கு நிறைய கரி கிடைச்சுது" என்று சொல்லியிருக்கிறாள்.

மேல்வீட்டம்மா விழித்தாளாம்.

"இதுலயா? இதுல ஏதும்மா கரி? எங்க மாமனாரு இருந்தவரைக்கும் இந்த ரூம்ல ஃபேனே கிடையாது. காத்து பட்டா இருமல் வரும்னு வேண்டாம்னுட்டாரு. ஜன்னலுக்குக்கூட பிளாஸ்டிக் தாள் ஒட்டினது இன்னும் பிரிக்கல, பாரு. ஃபேன் அவரு போனப்புறம் மாட்டினது. ஒரு நாள்கூட சுத்தவிட்டதில்ல."

இதைச் சொல்லிவிட்டு அக்கா போனில் கேட்டாள்.

"ஓடாத ஃபேன்ல கரி எப்படிடா ஏறும்?"

இது என் தொழில். எனக்குத் தெரியும். ஓடாத ஃபேனிலும் தூசி படியும். ஆனால் மேல்பக்கம்தான் படியும். அக்கா சுரண்டியது கீழ்ப்பக்கம். கீழ்ப்பக்கம் அப்ப வேண்டுமென்றால் அது கீழேயிருந்துதான் வரவேண்டும். கீழே இருந்தது கட்டில். அதில் ஒருவர் மல்லாந்து படுத்து, மாதக்கணக்காக இருமிக்கொண்டே இருந்தால்...

நான் அதைச் சொல்லவில்லை. வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வாரம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தடவை, பிரஷ் நுனி அக்காவின் உதட்டில்.

"அப்போ நான் அரைச்சது எதைடா?"

"அக்கா, நீ முதல்ல..."

லொக்... லொக்...

போனில் தெளிவாகக் கேட்டது.

ஈர்ர்ர்ர்...

"குட்டிக்கு மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா?"

"அவ ஸ்கூல்ல இருக்கா."

"அத்தானா?"

"டூட்டி மாத்திட்டாங்க. காலையிலயே போயிட்டாரு."

"அப்போ... நீயா இருமினே?"

"நான்தான்னு நினைக்கிறேன்" என்றாள் அக்கா.